இரண்டாவது ரிங்

ஆபீஸில் எல்லோருக்கும் அவர் 'டவர்'. வாலிபத்தில் முதல் 2ஜி பெட்டிகளைத் தோளில் சுமந்து மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறியவர். பிறகு 3ஜி வந்தது. வந்த வேகத்தில் மூட்டை கட்டியது. 4ஜி, 5ஜி எல்லாம் வந்தும் அவர் வீட்டுச் சமையலறைக்கு மட்டும் சிக்னல் வந்தபாடில்லை. இப்போது முட்டி தேய்ந்து கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கிறார். இன்று மாலை எல்லா ஊர் டவர்களிலும் 2ஜியை அவர் கையாலேயே நிறுத்த வேண்டும்.

அந்த 2ஜியில்தான் அவர் தம்பி இருக்கிறான்.

"இனி என் முகத்துல முழிக்காதே" என்று ஆத்திரத்தில் சொன்னது அண்ணன். அதை அப்படியே பிடித்துக்கொண்டு, 2ஜி மட்டுமே எடுக்கும் பழைய பட்டன் போனோடு வீட்டை விட்டுப் போனது தம்பி. எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. தினமும் சாயங்காலம் அண்ணன் கூப்பிடுவார். இரண்டாவது ரிங்கில் தம்பி கட் பண்ணுவான். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா கேட்பாள்.

"கட் பண்ணிட்டானா?"

"பண்ணிட்டான்மா."

"அப்ப சரி. நல்லாத்தான் இருக்கான்." அதன் பிறகுதான் அவளுக்கு ஒரு வாய் இறங்கும்.

ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி மேலாளரம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"உலகமே அஞ்சுல பறக்குது, நீங்க இன்னும் ரெண்டைக் கட்டிக்கிட்டு அழறீங்களே டவர்," என்றாள் அவள். "நீங்க செய்யலேன்னா அடுத்த ஷிஃப்ட்காரர் செய்யப் போறார்."

அதுவும் உண்மைதான். புது போன் வாங்கச் சொல்லித் தம்பிக்கு மெசேஜ் அனுப்பினார். அண்ணன் அனுப்பியதை அவன் திறந்து பார்த்தால்தானே? பக்கத்து சீட்காரர் போனிலிருந்து கூப்பிட்டார். "வச்சிடாதடா, உன் போன்..." குரலைக் கேட்டதுமே கட்.

நிறுத்தினார். திரையில் பச்சைப் புள்ளிகள் ஊர் ஊராக அணைந்தன. உடனே தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தார். ரிங்கே போகவில்லை.

எங்கோ ஓர் ஊரில் அவனும் கட் பண்ணக் காத்திருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது. போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்க்கிற ஆளா அவன்? அண்ணன் கூப்பிடுவதையே விட்டுவிட்டான் என்றுதான் நினைப்பான்.

வீட்டில் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கட் பண்ணிட்டானா?"

"பண்ணிட்டான்மா."

"அப்ப சரி." அவர் ஸ்பூனில் ஊட்டிய கஞ்சியை மெல்ல விழுங்கினாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கூப்பிடறப்ப என் காதுல வைடா. அவன் கட் பண்றதையாவது கேக்கறேன்."