வித்தியா தோண்டிய பனி

ஜெகதீஸ்வரிக்குக் கனடாவின் மொன்றியலில் இது இருபத்தாறாவது குளிர்காலம். பனி என்றால் அவருக்கு விமான நிலையப் பக்கம், டோர்வலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரம்தான். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் கூட வேலை செய்கிற வித்தியா, "ஒருக்கா மலைக்கு வந்து பாருங்கோ அக்கா," என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் கணவர் இறந்து ஆறு மாதம் கழிந்து, ஒரு பெப்ரவரி ஞாயிறு, ஜெகதீஸ்வரி ஓம் என்றார்.

நகரத்துக்கு வடக்கே காரில் ஒரு மணி நேரம். அடிவாரத்துக் கடையில் ஸ்னோ ஷூ வாடகைக்கு எடுத்தார்கள். கால் புதையாமல் நடக்க உதவும் அந்த அகலத் தட்டுகளை வித்தியாவே குனிந்து, அவருடைய சப்பாத்தோடு வார் இறுக்கிக் கட்டிவிட்டாள். காட்டுக்குள் பாதை ஏறியது. முதலில் தாரா வாத்து மாதிரி நடந்த ஜெகதீஸ்வரி, அரை மணியில் காலை அகட்டி வைக்கப் பழகிவிட்டார். உச்சியில் நின்றபோது உறைந்த ஏரி தெரிந்தது.

இறங்கும்போது பனி கொட்டத் தொடங்கியது. சறுக்கிய ஜெகதீஸ்வரி ஒரு மரக்கொப்பைப் பிடிக்கப் பாதையை விட்டு இரண்டடி வைத்தார். கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் வெறும் பொள்ளலாக இருந்தது. இடுப்பளவுக்கு உள்ளே போய்விட்டார். வலது தட்டு அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது.

வித்தியா இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

"நீ கீழ போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வா."

"உங்களைத் தனிய விட்டிட்டோ? பேசாம நில்லுங்கோ அக்கா."

அவள் தன் ஸ்னோ ஷூ ஒன்றைக் கழற்றி, அதையே மண்வெட்டியாக்கித் தோண்டினாள். பிறகு குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். தடித்த கையுறையோடு வாரைக் கழற்ற முடியவில்லை. கையுறையை எறிந்தாள்.

"கால் விரலை ஆட்டுங்கோ அக்கா, கதைச்சுக்கொண்டே இருங்கோ!"

முக்கால் மணி நேரம் ஆனது. வார் கழன்றதும் ஜெகதீஸ்வரி அவள் தோளைப் பிடித்து மேலே ஊர்ந்து வந்தார். சிக்கிய தட்டையும் வித்தியா பிடுங்கியெடுத்தாள்.

அடிவாரத்து ஓய்வுக் குடிலில் விறகு அடுப்பு எரிந்தது. வித்தியாவின் விரல்கள் வெளிறிப்போயிருந்தன. ஜெகதீஸ்வரி அவற்றைத் தன் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டியந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"விசர்க் கதை கதையாதை." ஜெகதீஸ்வரி அவள் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அவர் போன பிறகு எனக்கு ஒண்டிலயும் ஆசை இருக்கேல்லை, வித்தியா. அந்தக் குழிக்குள்ள நிக்கேக்கைதான், எப்பிடியும் வீட்டை போகோணும் எண்டு நினைச்சன். நீ எனக்குச் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டன்."

வித்தியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரல்களில் இரத்தம் திரும்ப ஓடத் தொடங்க, வலி தாங்காமல் பல்லைக் கடித்தாள். இன்னும் மடக்க முடியவில்லை. ஜெகதீஸ்வரி பையிலிருந்த மீன் ரோல்ஸை எடுத்துப் பிய்த்து, துண்டு துண்டாக அவளுக்கு ஊட்டிவிட்டார்.