மறைத்து வைத்த நாற்பது செட்டிங்குகள்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் கைபேசி. ரிங்டோனை மாற்றப்போய் மொழியை மாற்றிவிட்டேன். எந்த மொழி என்று இன்றுவரை தெரியாது. பாதி எழுத்துகளின் தலையில் புள்ளி இருந்தது. மூன்று நாள் அந்தப் போனில் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் மட்டுமே எனக்குத் தெரிந்தது. நான் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரன் பைசல், பழவேற்காட்டுக்காரன். அவன் அக்கா ஹுமைரா அம்பத்தூரில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில், தொழிற்சாலை மெஷின்களுக்குத் திரை வடிவமைக்கிறார். போனை வாங்கி இரண்டு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டு, "உன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நாங்க செட்டிங்க்ஸ ஒளிச்சி வெக்கிறோம்" என்றார். அப்படி ஒளித்து வைத்ததால் 2008இல் தன்னால் நேரவிருந்த ஒரு தவறைப் பற்றியும் சொன்னார். ஆபீசிலேயே கண்டுபிடித்துத் திருத்திவிட்டாராம்.

அதை அப்படியே எழுதினால் அரைப்பக்கம் வரும். எனவே தவறைத் திருத்தாமலேயே அவரை ரயிலில் ஏற்றிவிட்டேன். (கதைக்குள் போனதும் அவர் 'அவள்' ஆகிவிடுவார். பைசலிடம் சொல்ல வேண்டாம்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கும்மிடிப்பூண்டியின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல"

சம்பவம் மதியம் நடக்கிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "கங்கம்மா அதிகம் படிக்காதவள். கம்ப்யூட்டரைக் கண்டாலே அவளுக்கு"

இதையும் அடித்துவிட்டேன். கங்கம்மாவை அப்பாவியாக்கினால் எனக்கு வேலை சுலபம், அவ்வளவுதான். தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டும் அவள், ரப்பர் வெந்துவிட்டதா என்று வாசனையிலேயே சொல்கிறவள். மெஷின் திரையில் ஓடும் நாற்பத்து மூன்று வரியையும் அவளால் படிக்க முடியும். மூன்று நிமிடத்துக்கு ஒரு அச்சு எடுக்க வேண்டியவளுக்கு நேரம்தான் கிடையாது.*

* சாதாரண வாசகர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம். முழு விவரமும் கேட்கும் வாசகர்களுக்கு: கங்கம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. புதுவாயலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்கும் தெரியவில்லை.

3

கும்மிடிப்பூண்டியில், வண்டிகளின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் செய்யும் தொழிற்சாலை அது. (பெயர் கிடையாது. அடுத்த வருடம் அந்தப் பக்கம்தான் நான் வேலை கேட்டு அலைய வேண்டும்.) பிரஸ்ஸில் சூடான இரண்டு அச்சுகள். நடுவில் ரப்பரை வைத்தால் மேல் அச்சு இறங்கி அழுத்தும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாதே என்று பிரஸ்ஸின் வாயில் ஓர் ஒளிக்கற்றை குறுக்கே ஓடும். கை அதை மறித்தால் அச்சு நின்றுவிடும். தொழிலாளர்கள் அதைக் 'கண்ணு' என்பார்கள். கண்ணைத் திறப்பதும் மூடுவதும் பழைய திரையில் முப்பத்தொன்றாவது செட்டிங். மூடிவிட்டால் கை உள்ளே இருந்தாலும் அச்சு இறங்கும்.

மொத்தம் நாற்பத்து மூன்று. அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்தவர், மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் வரதன் ஒருவர்தான். மற்றவர்கள் எதற்கெடுத்தாலும் அவரைத் தேடிப் போனார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

புதுத்திரை செய்ய ஹுமைரா வந்தாள். ஒரு வாரம், தினமும் பத்திலிருந்து ஒரு மணிவரை கங்கம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தாள். மூன்றை மட்டும் திரையில் வைத்தாள்: சூடு, நேரம், 'முதல் நிலைக்குத் திரும்பு' என்று ஒரு பச்சைப் பட்டன். எதையாவது குழப்பிவிட்டால் அதை அழுத்தினால் போதும். வருடத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டால் அதிகம் என்று கணக்குப் போட்டாள். மற்ற நாற்பதும் ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் போயின. பாஸ்வேர்டு வரதனிடம்.

வரதன் புதுத்திரையை வெகுநேரம் பார்த்தார்.

"மத்ததெல்லாம் மறைச்சிக்கோ. கண்ணு தொறந்துகீதா, மூடிகீதான்னு மட்டும் தெரியணும்மா."

"தெரிஞ்சா யாராச்சும் கை பட்டு மாத்திடுவாங்கண்ணே. மறைச்சாத்தான் சேஃப்டி."

"சரி. அப்ப இனிமே உன் சாப்ட்வேரே பாத்துக்கட்டும்."

ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் எல்லாப் பிரஸ்ஸின் வாயிலும் தன் தொப்பியை நீட்டி, அச்சு நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அன்றோடு அதை நிறுத்தினார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விட்டார்.

4

இனி ரயில். சென்ட்ரலிலிருந்து வரும் லோக்கல், கவரைப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலில் நிற்கிறது. மணி ஒன்று நாற்பத்தொன்பது. ஹுமைரா நேற்று மாலைதான் கங்கம்மாவின் பிரஸ்ஸில் புதுத்திரையைப் பொருத்தி, கண்ணைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். இன்று இரண்டு மணி ஷிப்டில் அதற்கு முதல் ஓட்டம். ஓடி முடிந்ததும், திரையை ஏற்றுக்கொண்டு மானேஜர் கையெழுத்துப் போடுவார். எதிர் சீட்டில் மோனிகா, அதே தொழிற்சாலையில் புஷ்களைச் சோதித்துப் பார்க்கிறவள்.

"உன் பட்டன் சூப்பர்க்கா," என்றாள் மோனிகா. "இனிமே வரதண்ணன கெஞ்சிக்கினு நிக்க வேணாம். ஷிப்ட் ஏறினதும் நாங்களே மெஷின கழுவிக்கலாம்."

"இன்னாது கழுவறதா?"

மோனிகா விளக்கினாள். முந்தைய ஷிப்ட்காரன் வைத்துவிட்டுப் போன சூட்டிலும் நேரத்திலும் அங்கே யாரும் வேலை தொடங்க மாட்டார்கள். அது அவன் தின்ற தட்டிலேயே சோறு போட்டுக்கொள்வதுபோல. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் கையால் புதிதாக வைத்தால்தான் மனசு ஒப்பும். இதுவரை வரதன் வந்து அழித்துக் கொடுப்பார். ஹுமைரா நின்று பார்த்த பத்திலிருந்து ஒன்றுவரை ஷிப்ட் மாறுவதில்லை.

ஹுமைரா கடிகாரத்தைப் பார்த்தாள். வருடத்துக்கு ஒருமுறை இல்லை. இன்னும் பதினோரு நிமிடத்தில்.

அந்தப் பட்டன் திரும்பிப் போகும் 'முதல் நிலை' எது? அம்பத்தூரில் அவள் மேசைமேல் இருந்த நிலை. அங்கே பிரஸ் இல்லை, அச்சு இல்லை, ஒளிக்கற்றை இல்லை. கண்ணு இல்லாமல் சாப்ட்வேர் ஓட மறுத்ததால், சோதித்துப் பார்க்க முப்பத்தொன்றை 'மூடு' என்று வைத்திருந்தாள். அதையே முதல் நிலையாகச் சேமித்தும் விட்டாள். கங்கம்மா மெஷினைக் கழுவினால் கண்ணு மூடிக்கொள்ளும். மூடியது யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று மறைத்தவள் அவளேதான்.

உள்ளே யாரிடமும் போன் இருக்காது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேட்டுக்குத்தான் அடிக்க வேண்டும். ஒன்று ஐம்பத்தொன்றுக்குச் செக்யூரிட்டி அப்பாவு எடுத்தார். கங்கம்மா அக்காவிடம் போய், தான் வரும்வரை பச்சைப் பட்டனைத் தொட வேண்டாமென்று சொல்லும்படி ஹுமைரா கேட்டாள்.

"இன்னா விஷயம்மா?"

கையெழுத்துப் போட வேண்டிய மானேஜர் அவள் நினைவில் வந்தார். பின்னாலேயே தொப்பியோடு வரதன் வந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா ஒரு செக்கிங்."

"லோடு வண்டி நிக்குது. அனுப்சிட்டு சொல்றேன்."

வைத்துவிட்டார். ரயில் நகரவில்லை. உன் மூஞ்சி ஏன் ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று மோனிகா கேட்டாள். ஹுமைரா தண்ணீர் குடித்தாள். அப்பாவு இந்நேரம் சொல்லியிருப்பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லியிருக்க மாட்டார் என்றும் அவளுக்குத் தெரியும். அவர் அவசரப்படுவதற்கு அவள் ஒரு காரணமும் கொடுக்கவில்லை.

[ ____ நிமிடம் கழித்து ]

"அண்ணே, வண்டிய வுடுங்க. நான் தப்பு பண்ணிட்டேன். அந்தப் பட்டன அமுக்கினா கண்ணு மூடிக்கும். வரதண்ணன் சொன்னாரு, நான் கேக்கல. கங்கம்மா அக்கா கை போயிடும்ண்ணே. ஓடுங்க."

மறுமுனையில் ரிசீவர் மேசைமேல் விழும் சத்தம். பிறகு, வழிவிடச் சொல்லி லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது.

5

முடிவுகள்.

(அ) சரியாக இரண்டு மணிக்குக் கரண்டு போய்விடுகிறது. அந்த வருடம் இது தினமும் நடக்கக்கூடியதுதான். இருந்தாலும், கரண்டு கட்டை நம்பிக் கதை முடித்தான் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

(ஆ) வரதன் மனம் இளகித் தொப்பியோடு திரும்பி வருகிறார். எழுதிப் பார்த்தேன். அவர் வர மறுக்கிறார். அந்தக் கோபம் ஒரு டீயில் ஆறுகிற கோபமில்லை.

(இ) "கங்கம்மா பச்சைப் பட்டனை அழுத்தினாள். சூட்டை வைத்தாள். நேரத்தை வைத்தாள். ரப்பரை வைத்து பிரஸ்ஸை ஓட்டினாள். ரப்பர் கொஞ்சம் கோணலாக இருந்தது. நேராக்குவதற்காகக் கையை"

இதற்குமேல் போகவில்லை. இதை விடுதி அறையில், கட்டிலில் சாய்ந்து, மிக்சர் தின்றுகொண்டே எழுதினேன். இங்கேயும் பிரஸ் இல்லை, கையும் என்னுடையதில்லை. ஹுமைரா தன் மேசையில் முப்பத்தொன்றை மூடியதும் இப்படி ஒரு வசதியான இடத்தில் உட்கார்ந்துதான். வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

6

சாதாரண வாசகர்களுக்காக எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வைத்திருக்கிறேன். நான்காம் பகுதியில் இரண்டு அழைப்புகளுக்கும் நடுவில் காலியாக இருக்கிறதே, அது.

மற்றதெல்லாம் முடிவானவை, மாற்ற முடியாது. முதல் அழைப்பு ஒன்று ஐம்பத்தொன்றுக்கு. கேட்டிலிருந்து பிரஸ்வரை ஓட, முழங்கால் வலிக்கிற அப்பாவுக்கு நான்கு நிமிடம். கங்கம்மாவின் கை உள்ளே போவது இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு. ஆகவே கட்டத்தில் ஆறு நிமிடத்துக்குள் எதைப் போட்டாலும் கை பிழைக்கும்.

ஆறு நிமிடம் தாராளம் என்று எனக்கும் தோன்றியது. பிறகு, எங்கள் லேபில் ஒரு கம்ப்யூட்டரை எரித்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் பிடித்தது என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு செமஸ்டர். அதனால் அந்தக் கட்டத்தை நான் நிரப்பக் கூடாது.

நீங்கள் நிரப்புங்கள். உங்களுக்குத் தோதான எண்ணைப் போட வேண்டாம். கடைசியாக நீங்கள் செய்த தவறில், 'ஒண்ணுமில்ல' என்று சொன்னதற்கும் உண்மையைச் சொன்னதற்கும் நடுவில் எத்தனை நிமிடம் போனதோ, அதைப் போடுங்கள். இன்னும் சொல்லவில்லையென்றால் அதையும் போடலாம், கட்டம் ஏற்றுக்கொள்ளும்.

கங்கம்மா கையுறையை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.