பெர்மெத்துக்குப் பதில்

பெர்மெத்தின் கிண்ணம் நான்காவது நாளாகத் தொடப்படாமல் திரும்பி வந்தது. சூப்பின் மேல் ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, அதில் ஒரு கேரட் துண்டு பாதி மூழ்கிக் கிடந்தது. மற்ற கிண்ணங்களை அடுக்கிவிட்டு இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரொட்டியைக் காணவில்லை. ரொட்டியைத் தின்றிருக்கிறாள், சூப்பைத் தொடவில்லை. அவள் மேசையில் கைகளைக் கோர்த்து உட்கார்ந்திருந்தாள். நீல நிற முகக்கவசம் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து உள்ளங்கைகளை விரித்து "ஓமின்" சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அவளும் தடவினாள், துணியின் மேலேயே.

மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் நரின் ஊரில் இந்த மழலையர் பள்ளியில் பதினோரு வருடமாக ஆயாவாக இருக்கிறேன். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நான் 'எஜே', அதாவது அக்கா. சாப்பிடாத பிள்ளைகள் எனக்குப் புதிதல்ல. வெங்காயத்தைப் பொறுக்கி மேசைக்கு அடியில் ஒட்டுகிறவன், பாலில் ஆடை மிதந்தால் அழுகிறவள், எல்லோரையும் பார்த்தாயிற்று. இந்த வருடம் புதிதாக இருந்தது வேறு. வசந்தத்தில் மூடிய பள்ளியை இலையுதிர் காலத்தில் திறந்தபோது, பெரியவர்களோடு பிள்ளைகளும் முகக்கவசம் போட வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் கழற்றலாம். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது என்ன புரியும்? முதல் வாரம் அதில் பொம்மைக்குத் தொட்டில் கட்டினார்கள். நனையும் வரை சப்பினார்கள். காலையில் கரடிப் படம் போட்ட கவசத்தோடு வந்தவன் சாயங்காலம் முயல் படத்தோடு வீட்டுக்குப் போவான். எங்கள் நர்ஸ் நெல்யா வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள். அவள் கத்தியதில் பாதி எனக்கானது.

"உன் மூக்குக்கு மட்டும் தனிச் சலுகையா, சைரா? அதை மூடு. இல்லேன்னா வீட்டிலேயே விட்டுட்டு வா."

உண்மைதான். எனக்கு மூச்சு முட்டும். யாரும் பார்க்காதபோது தாடைக்கு இறக்கிவிடுவேன்.

அப்படிப்பட்ட கூட்டத்தில் பெர்மெத் ஒருத்திதான் ஒழுங்கு. தலைமையாசிரியை அவளைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். அந்த ஒழுங்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே தவிர, அவள் காதுக்குப் பின்னால் தோல் சிவந்து உரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. சில நாள் கழித்துக் கவனித்தபோது அவசரப்பட்டேன். "புண்ணாகியிருக்கு பாரு, கழட்டிட்டு ரெண்டு வாய் சூப்புக் குடி தங்கம்" என்று சொல்லிக்கொண்டே அவளைக் கேட்காமல் கையை நீட்டி இழுத்துவிட்டேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருக்கும். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தாள். அங்கே யாரோ வந்துகொண்டிருந்து, இப்போது திரும்பிப் போய்விட்டதைப் போல.

உடை மாற்றும் அறையில், முள்ளம்பன்றிப் படம் ஒட்டிய தன் அலமாரியின் அடித்தட்டில் பூட்சுகளுக்கு நடுவே அவள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கவசம் மறுபடி ஏறியிருந்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"கோவமா தங்கம்?"

"நீங்க கழட்டிட்டீங்க எஜே. இப்போ மொதல்லேருந்து எண்ணணும்."

"எதை?"

"அம்மா வர்றதுக்கு."

கேட்டுக் கேட்டு வாங்கியதைச் சேர்த்துப் பார்த்தேன். அவள் அம்மா குல்மிரா புத்தாண்டு கழிந்ததும் மாஸ்கோவுக்குத் தையல் வேலைக்குப் போனவள். மே மாதம் திரும்புவதாக ஏற்பாடு. மார்ச்சில் எல்லைகளை மூடினார்கள். தினமும் போனில் முகம் காட்டுவாள். கடைசியாகப் பேசியபோது சொல்லியிருக்கிறாள், "மாஸ்க்கைக் கழட்டாம இரு கண்ணு. எல்லாரும் கழட்டாம இருந்தா நோய் ஓடிப்போயிடும், வழி தொறந்துடும், அம்மா வந்துடுவேன்." எல்லா அம்மாக்களும் சொல்கிற மாதிரிதான். ஆனால் அதற்குப் பிறகு போன் வரவில்லை. பெர்மெத்துக்குக் கடைசி வார்த்தை அதுவாகவே நின்றுவிட்டது. மற்ற பிள்ளைகள் கழற்றிக் கழற்றிப் போட்டார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து அவள் ஒருத்தி கழற்றாமல் இருந்தாள்.

சாயங்காலம் அவள் அப்பா மிர்லான் வந்தான். சந்தைக்கும் மலையடி ஊர்களுக்கும் வேன் ஓட்டுகிறவன். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பதால் படிக்கட்டில் நின்றுதான் பேசினோம். பெர்மெத் முற்றத்துப் பனியில் கால் தடம் பதித்துக்கொண்டிருந்தாள்.

"அவ நோய்ல விழுந்து பத்து நாளாச்சு எஜே. அங்கே அவகூடத் தங்கியிருக்கிற பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆஸ்பத்திரியில மூச்சு விட மெஷின் வெச்சிருக்காங்களாம். பாக்க யாரையும் விடலையாம்."

"பிள்ளைகிட்ட என்ன சொல்லியிருக்கே?"

"அம்மாவுக்கு வேலை ஜாஸ்தின்னு."

"வீட்ல என்ன திங்கறா?"

"ரொட்டியை மாஸ்க்குக்கு அடியில வெச்சு உள்ள தள்ளிக்கறா. டீக்கு ஒரு குழாய் வாங்கிக் குடுத்தேன். தூங்கினப்புறம் நான் மெதுவா கழட்டுவேன். விடியறதுக்குள்ள எந்திரிச்சு மறுபடி மாட்டிவிட்டுடுவேன்."

"நீயே மாட்டிவிடறியா? எடுத்துச் சொல்ல மாட்டியா?"

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டான். "எனக்கும் பயமா இருக்கு எஜே. கழட்டச் சொல்லி, அன்னைக்குப் பார்த்து அங்கே ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

வளர்ந்த ஆண்பிள்ளை. சிரிக்கத் தோன்றவில்லை. அன்று மாலைத் தொழுகைக்குப் பிறகு வெகுநேரம் விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். குல்மிராவுக்காகக் கேட்டேன். பிறகு பிள்ளைக்காகக் கேட்க நினைத்தபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் வைத்திருப்பது ஒரு நோன்பு. யாரும் விதிக்காதது, பிள்ளைக்குத் தாங்காதது. ஆனாலும் நோன்புதான். அதைக் கைநீட்டி இழுத்து முறித்தவள் நான். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குக் காட்டு என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மதியம் கெஸ்மே. வீட்டு நூடுல்ஸ் போட்ட குழம்பு என்றால் பிள்ளைகள் சத்தமே போட மாட்டார்கள். பெர்மெத்துக்குப் பக்கத்து நாற்காலி அய்பிகேயுடையது. குண்டுக் கன்னம், எப்போதும் இரண்டாம் கிண்ணம் கேட்கிற பிள்ளை. மற்றவர்கள் ஊதிக்கொண்டிருக்கும்போதே பாதியை முடித்துவிட்டுப் பெர்மெத்தின் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நீ திங்கப் போறதில்லேல்ல? நான் திங்கட்டா?"

"தின்னு."

"ஏன் நீ எப்பவுமே திங்க மாட்டேங்கறே? வயித்துல புழுவா?"

"கழட்டினா அம்மா வர மாட்டாங்க."

அய்பிகே கரண்டியை வாயில் வைத்தபடியே யோசித்தாள். அவள் யோசிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எங்க தாத்தாவுக்குச் சக்கரை வியாதி," என்றாள். "நோன்பு வெச்சா மயங்கி விழுந்துடுவாரு. அதனால எங்கப்பா தாத்தாவுக்கும் சேர்த்து வெச்சாரு. அல்லா சரின்னுட்டாரு."

எதிரில் இருந்தவன் கேட்டான், "உனக்கெப்படித் தெரியும்?"

"தாத்தாதான் சொன்னாரு. நீ வாய மூடிட்டுத் தின்னு."

பிறகு அவள் செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். கரண்டியைக் கீழே வைத்தாள். குழம்பு ஒட்டிய வாயைச் சட்டைக் கையில் துடைத்தாள். தாடையில் தொங்கிய தன் கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்குப் பதில் நான் போட்டிருக்கேன். நீ தின்னு. சீக்கிரம் தின்னு, எனக்கு இன்னும் பசிக்குது."

பெர்மெத் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எஜே, அது செல்லுமா?"

ஒருவருடைய நோன்பை இன்னொருவர் வைக்கலாமா, செல்லுமா என்று படித்தவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்களோ. நான் படித்தவள் இல்லை. முந்தின நாள் விரிப்பில் உட்கார்ந்து வழி கேட்டவள். "செல்லும்" என்றேன்.

அவள் தானாகவே கழற்றினாள். ஒரு காது, பிறகு மறு காது. கழற்றியதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பத்து நாளுக்குமேல் பகலில் மூடியே கிடந்த அந்த வாயை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். உதடு வெடித்து, மூக்கோரம் கோடு விழுந்திருந்தது. முதல் கரண்டியைப் பயந்து பயந்து வாய்க்குக் கொண்டுபோனாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது கரண்டி வேகமாகப் போயிற்று. பக்கத்தில் அய்பிகே, ஆறிக்கொண்டிருக்கும் தன் பாதிக் கிண்ணத்தைப் பார்த்தபடி எல்லைக் காவல்காரனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கதவருகே நெல்யா நின்றதை நான் பார்க்கவில்லை. "என்ன நடக்குது இங்கே?" என்றாள். அவளைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "ஒருத்தியோடதை இன்னொருத்தி மாட்டலையே?" என்றாள்.

"இல்லை. அவங்கவங்களோடதுதான்."

நெல்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். திரும்பிப் போய் மேசைகளுக்கு நடுவே நின்று, காலையில் கத்துகிற அதே குரலில் கேட்டாள், "அய்பிகே தினமும் பட்டினி கெடக்க முடியாது. நாளைக்கு யாரு?"

பதினேழு கைகள் உயர்ந்தன. கவசத்தைச் சப்பித் தின்றவனுடைய கையும் அதில் இருந்தது. அடுத்த நாளிலிருந்து யார் முறையோ அவர்களுடைய கிண்ணத்தைச் சமையல்காரி அடுப்பின் ஓரத்தில் மூடிவைத்தாள்.

மிச்சம் இருந்தது மதியத் தூக்கம். எல்லோரும் தூங்கிவிட்டால் யார் போட்டுக்கொள்வது? பெர்மெத்தே அதற்கும் முடிவு சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான் எஜே. ஆனா மூக்கு தெரியுது."

மூக்கை மூடிக்கொண்டேன். அவள் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

முதல் நாள் நான் ஏமாற்றினேன். எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. பத்தொன்பது பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள், அறை சூடு, எனக்கு வழக்கம்போல மூச்சு முட்டியது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று தாடைக்கு இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சுகமாக உட்கார்ந்தேன். அன்று வீட்டில் தொழ நின்றபோது கை கட்டிய பிறகு ஓத வேண்டியது வாயில் வரவில்லை. தூரத்தில் ஒரு பெண் மெஷின் வைத்து மூச்சு விடுகிறாள். அவள் மகள் என்னை நம்பித் தூங்கினாள். இதில் என் பங்கு ஒரு துண்டுத் துணி. அதைக்கூட நான் இரண்டு மணி நேரம் பிடித்துவைக்கவில்லை. துணிக்கும் அவள் மூச்சுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. மறுநாளிலிருந்து இறக்கவில்லை.

மதியத் தூக்கத்தில் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழகிப்போன வேலை. ஆனால் அந்த நாட்களில்தான் உண்மையில் பார்த்தேன். காலை முழுக்கக் கண்களாக மட்டும் இருந்தவர்கள் தூக்கத்தில் மறுபடி முழுப் பிள்ளைகளாக ஆவார்கள். மோவாயில் குழி, மேலுதட்டில் பால் காய்ந்த தடம். பெர்மெத்துக்குக் குல்மிராவின் வாய். குல்மிரா பள்ளிப் படிக்கட்டில் நின்று மகளின் தொப்பி நாடாவைப் பல்லால் கடித்து முடிச்சவிழ்ப்பாள். போன குளிர்காலம் அது. எவ்வளவு சாதாரணமாக நடந்தது. ஊரே அப்போது வாயும் பல்லுமாக, ஒருவர் கன்னத்தில் ஒருவர் கன்னம் வைத்து நலம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பக் கிடைக்குமென்றால் எதைக் கேட்பேன் என்று யோசித்தபோது, பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அந்த முடிச்சை அவள் இன்னொரு முறை கடிப்பதைப் பார்த்தால் போதும்.

ஒன்பதாவது நாள், பனி விழுந்துகொண்டிருந்த மதியம், ஜன்னல் கண்ணாடியை யாரோ விரல் நுனியால் தட்டினார்கள். மிர்லான். வேலை நேரத்தில், முழங்கால் வரை பனியில் நின்றான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சிவந்திருந்தன. நல்லதா கெட்டதா என்று அந்தக் கண்களை வைத்துச் சொல்ல முடியவில்லை. எழுந்து போய், கண்ணாடியின் மேல்மூலையில் காற்றுக்காக விட்டிருக்கும் சின்னக் கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது.

"எஜே," என்றான். போனை அந்தச் சின்னக் கதவு வழியாக உள்ளே நீட்டினான். வாங்கிப் பார்த்தேன்.

வெள்ளைத் தலையணை. அதில் ஒரு பெண். மூக்கையும் வாயையும் கெட்டிப் பிளாஸ்டிக் மூடியிருந்தது, அதிலிருந்து ஒரு குழாய் போனது. கண்கள் திறந்திருந்தன. குல்மிரா என்று அந்தக் கண்களை வைத்து அடையாளம் கண்டேன். நானும் மூடிய முகத்தோடு நின்றதால் அவள் என்னைக் கண்டுகொண்டாளா தெரியாது. "இரு, இரும்மா, எழுப்பறேன்" என்று சொல்லிக்கொண்டே கட்டில்களுக்கு நடுவே ஓடி, பெர்மெத்தின் அருகே முழங்காலிட்டு, அவள் தோளில் கை வைத்தேன்.

திரையில் அந்தத் தலை மெல்ல அசைந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வேண்டாம்.

கையை எடுத்துக்கொண்டேன். போனைத் திருப்பிப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தேன். பெர்மெத் ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, கன்னம் தலையணையில் அமுங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கோரக் கோடு மறையத் தொடங்கியிருந்தது. மறு கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே மிர்லானின் தொப்பியில் பனி ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னத் திரையில் பிளாஸ்டிக் மூச்சுப் பட்டு வெளுத்தது, தெளிந்தது. மறுபடி வெளுத்தது. அதற்குமேலே அந்தக் கண்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.