மூன்று நல்ல வார்த்தைகள்

அந்த மூன்று ஆங்கில வார்த்தைகளையும் டாடி ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் அர்த்தமும் எழுதி வைத்திருந்தார். காம் என்றால் அமைதி. கம்போஸ்டு என்றால் பதற்றமில்லாத நிதானம். செல்ஃப் ரிலையன்ட் என்றால் யார் தயவும் வேண்டாதவள். பெங்களூரில் நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில், மேலாளர் கிரண் இந்த வருட மதிப்பீட்டில் என்னைப் பற்றி எழுதியவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு வழியாக வரும்போது, நின்ற இடத்திலெல்லாம் டாடி அதை வாசித்துக் காட்டினார். கறிக்கடைக்காரரைக்கூட விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கேட்டது வார்த்தைகளை அல்ல. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டேன். டாடி வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும் அதன் தூசி அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. விடியற்காலை ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் நான் திரும்புகிறேன். போன மாதம் ஒரு நாள் மதியம் மூச்சு விடமுடியாமல் சமையலறையிலேயே விழுந்து கிடந்தவரை, பக்கத்து வீட்டுப் பாப்பம்மாக்காதான் பார்த்துத் தூக்கியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் யாரோ ஒரு நோயாளியின் காப்பீட்டு விண்ணப்பத்தை நிதானமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று முறை எழுதிக் கேட்டாயிற்று. மூன்று முறையும் கிரண் ஒரே பதிலைத்தான் சொன்னான். "நீங்க இருந்தாதான் டீம் கூலா இருக்கு, லவினா. நீங்க எப்படியும் மேனேஜ் பண்ணிடுவீங்க." எங்கள் டீமிலேயே, அலுவலகத்திலிருந்து ஏழே கிலோமீட்டர் தூரத்தில் குடியிருக்கும் சுனிதாவுக்கு அனுமதி கிடைத்தது. அவள் அவன் முன்னால் அழுதாள். அதில் தப்பில்லை, அழ வந்தது, அழுதாள். எனக்கு அழுகை வந்தால் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். அதற்குக் கிடைத்த பரிசுதான் கம்போஸ்டு.

மதிப்பீட்டின் அடியில் 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. அன்று மாலைக்குள் ஒன்றை அமுக்கியாக வேண்டும்.

"அமுக்கிட்டியாமா?" என்றார் டாடி.

"ஏற்கிறேன்னு அமுக்க மாட்டேன் டாடி."

"இன்னாத்துக்கு? எவ்ளோ நல்ல வார்த்தையா எய்திகிறான்! உங்க தாத்தாவுக்கும் வெள்ளக்கார தொர இப்டிதான் எய்தி குடுத்தாரு." சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த நற்சான்றிதழைக் காட்டினார்.

அந்தத் தாளின் கதையை லூயிசா அத்தை எனக்கு எப்போதோ சொல்லிவிட்டார். சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்தபோது, தாத்தா மரியகுழந்தை பதறாமல் ஆறு பேரை வெளியே கூட்டி வந்தாராம். அதற்குப் பிறகு கீழே இறங்க அவருக்கு நடுக்கம். தரைக்கு மேலே ஏதாவது வேலை கொடுங்கள் என்று மனுப் போட்டார். பதிலுக்கு வந்தது இந்தத் தாள். படிக்கத் தெரியாத மனுஷன், மேல்வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று நினைத்து, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சுரங்கத்தின் டைம் ஆபீசில் போய் நின்றார். குமாஸ்தா வாசித்துப் பார்த்தார். நிதானமானவன், மேற்பார்வை தேவைப்படாதவன் என்று துரை புகழ்ந்திருக்கிறார் என்று சொல்லி, தோளில் தட்டி, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்கு அனுப்பிவைத்தார். தாத்தா அந்த வெள்ளைச் சட்டையோடேயே சுரங்கத்துக்குள் இறங்கினார்.

"இந்தப் பேப்பர் வந்தப்புறம் தாத்தா எத்தினி வருசம் கீழ எறங்குனாரு டாடி?"

அவர் முகம் சுருங்கிப்போனது. கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் நான் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"பதினேழு," என்றார்.

கருத்துப் பெட்டியில் எழுதினேன்: 'நான் அமைதியானவள் இல்லை. எனக்குக் கோபம் வருகிறது. எனக்கு உதவி வேண்டும். இந்த மூன்று வார்த்தைகளையும் எடுத்துக்கொண்டு மூன்று நாளைக் கொடுங்கள்.' எழுதிவிட்டு 'ஏற்கவில்லை'யை அமுக்கினேன்.

திங்கட்கிழமை ரயில் கூவிக்கொண்டு கிளம்பியபோது நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடப் பழக்கத்தில் கால்கள் செருப்பைத் தேடின. ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் கிரண் வீடியோவில் கூப்பிட்டான்.

"எங்க இருக்கீங்க லவினா?"

"வீட்ல."

"அப்ரூவல் இல்லாம எப்படி?"

"மூணு தடவ கேட்டேன், நீங்க குடுக்கல. நானே எடுத்துக்கிட்டேன். செல்ஃப் ரிலையன்ட்டுன்னு நீங்கதானே எய்திகிறீங்க?"

"இது சரியில்ல. ஹெச்.ஆருக்கு எழுத வேண்டி வரும். வேலைக்கே பிரச்சனை ஆயிடும்."

"எழுதுங்க! எங்க டாடி தரையில கெடந்தப்ப நான் உங்க டீம கூலா வச்சிருந்தேன்னும் சேத்து எழுதுங்க!" என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். வேலை போய்விடும் என்ற பயமும் அந்தக் குரலுக்குள்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"லவினா, ப்ளீஸ். காம் டவுன்."

எட்டு வருடத்தில் முதல்முறையாக அவன் என்னை அமைதியாக இருக்கச் சொல்கிறான்.

"மாட்டேன்," என்றேன்.

திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் சிவந்துபோன என் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால், ஆபீஸ்காரர்கள் எதிரே சட்டையில்லாமல் ஒருநாளும் நிற்காத டாடி, வெறும் பனியனோடு நாற்காலியை இழுத்து இழுத்து என் பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தார்.