வைசூரியை மறைக்காத வீடு

ஜக்கரிய்யா எஸ்.எஸ்.எல்.சி. படித்த ஆண்டில் அவன் தங்கைக்கு வைசூரி கண்டது. உம்மா முத்து பீவி அதை மறைக்காமல் சுகாதார இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து, வீட்டை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஜக்கரிய்யா பள்ளிக்கு வந்த நாட்கள் போதாது, பரீட்சை எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பையன் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தான்.

வாப்பா கொழும்பில் வியாபாரத்தில் இருந்தார். தனியாகத் தெருவைத் தாண்டியே அறியாத முத்து பீவி, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தூத்துக்குடிக் கடைவீதி வழியாக நடந்து, தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"சட்டம் அப்படிம்மா, நான் என்ன செய்ய?" என்றார் அவர்.

"எங்க தெருவுல சில வீட்டுல வைசூரிய மறைச்சிட்டாங்க. அந்தப் புள்ளைக தினமும் இங்கன வந்துச்சு, பரீட்சையும் எழுதப் போவுது. அடுத்தவன் புள்ளைக்கு ஒட்டிரக் கூடாதேன்னு அடைஞ்சு கிடந்த எம்மவன் எழுதக்கூடாதா? இனிமே எந்த உம்மா உண்மையச் சொல்லுவா?"

"யார் அந்தப் பிள்ளைகள்?"

"அதுகளும் எழுதட்டும் ஐயா. பேரு எதுக்கு?"

 மறுநாள் தலைமையாசிரியர் மேலதிகாரியைப் பார்க்கத் திருநெல்வேலிக்கு ரயிலேறினார், அனுமதியோடுதான் திரும்பினார். கணக்கில் தட்டுத் தடுமாறினாலும் ஜக்கரிய்யா தேறினான்.