ஒட்டிய சனிக்கிழமைகள்

எங்கள் கம்பெனியின் காலண்டர் செயலியில் ஒரு நிகழ்வை நகலெடுத்து இன்னொரு நாளில் ஒட்டும் வசதி வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். வேலையை என் தலையில் கட்டினார் மேனேஜர். "இது என்னங்க, அரை நாள் வேலை" என்றார். அவருக்கு எல்லாமே அரை நாள் வேலைதான்; செய்யப்போவது அவரில்லையே.

எழுதி முடித்து, சோதித்துப் பார்க்க என் சொந்தக் காலண்டரையே திறந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அதில் இருந்தது ஒரே நிகழ்வு: 'அப்பா வீடு'. விவாகரத்துக்குப் பிறகு மகள் என்னிடம் வருவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கோர்ட் கொடுத்தது அவ்வளவுதான்.

நகலெடுத்து அடுத்த சனிக்கிழமையில் ஒட்டினேன். அழகாக உட்கார்ந்தது. சோதனைக்கு அது போதும். கை சும்மா இருந்தால்தானே? வருஷம் முழுக்க ஒட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, இனிமே எல்லா சனிக்கிழமையும் உங்க வீட்டுக்கா?"

அப்போதுதான் உறைத்தது. நகல், நிகழ்வுக்கு அழைக்கப்பட்டவரையும் சேர்த்தே எடுத்திருக்கிறது. ஒட்டிய ஒவ்வொன்றுக்கும் அவளுடைய டேப்லெட்டுக்கு ஓர் அழைப்பு போயிருக்கிறது.

"இல்லடா கண்ணு, அது ஆபீஸ்ல அப்பா டெஸ்ட் பண்ணது."

"டெஸ்ட்டுன்னா?"

"சரியா வேலை செய்யுதான்னு பாக்குறது."

"செய்யுதுப்பா. எனக்கு எல்லாமே வந்துடுச்சு. எல்லாத்துக்கும் வரேன்னு அழுத்திட்டேன். இருங்க, அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்."

வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டாள். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஒட்டியதை மொத்தமாக நீக்கும் பொத்தானை இன்னும் எழுதவில்லை. ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டும். வரும் சனிக்கிழமையை முதலில் அழித்தேன். 'அழைக்கப்பட்டவருக்கு ரத்துச் செய்தி அனுப்பப்பட்டது' என்றது திரை. அந்தப் பகுதியும் போன வருஷம் நான் எழுதியதுதான். ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது.

"முடிஞ்சுதா?" என்று மேனேஜர் தலையை நீட்டினார்.

"ஒரு சின்னக் கோளாறு சார். பாத்துட்டிருக்கேன்."

அடுத்த சனிக்கிழமையை அழிக்கப் போனபோது மகளிடமிருந்து செய்தி வந்தது.

'இந்த வாரம் மட்டும்தானேப்பா இல்ல? மத்த வாரமெல்லாம் இருக்குல்ல?'

விரல் அழிக்கும் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.