நூறாவது கையெழுத்து

கட்சி தொடங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வரியைக் குறை, உரிமங்களைக் குறை, மனிதனை அவன் போக்கில் விடு: இவ்வளவுதான் கொள்கை. தலைவர் என் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு.

மாலை ஐந்து மணிக்குள் நூறு உறுப்பினர்களின் கையெழுத்துப் பட்டியல் வேண்டும், தவறினால் பதிவு ரத்து என்று தேர்தல் அலுவலகம் எழுதியிருந்தது. மூன்று மணிக்கு என்னிடம் தொண்ணூற்றொன்பது இருந்தன. இன்னும் போடாதவர் அண்ணி.

"நீங்களே கேக்கலாமே?" என்றேன் அண்ணனிடம்.

"புருஷன் கேட்டா அது வற்புறுத்தல்டா. அதுக்கா கட்சி ஆரம்பிச்சோம்?"

கடையின் பின்னறையில் அண்ணி லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். "மூணு மாசம் முன்னாடி உங்க கட்சிக்கு ஒரு கடிதம் போட்டேனே தம்பி. பதில் எங்க?"

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். 'அரசு எதிலும் தலையிடக் கூடாது என்கிறீர்கள். பக்கத்துப் பட்டறைப் புகை என் ஜன்னல் வழியாக வருகிறதே, அதை யார் நிறுத்துவது?' செயற்குழு நான்கு முறை கூடியது. பெரும்பான்மையைக் காட்டி யாரையும் அமுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஏழு பேரும் ஒத்துக்கொண்டால்தான் பதில் போகும். ஏழு பேரும் ஏழு பதில் எழுதினார்கள். ஒன்றும் போகவில்லை.

விதியை மீறி, ஏழையும் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு ஆற அமரப் படித்தார்.

"கோர்ட்டுக்குப் போகணுமாம். தீர்ப்பு வர்றதுக்குள்ள என் இருமல் பேரன் பேத்தி எடுத்துடும்." அடுத்த தாள். "ஜன்னலை மூடணுமாம். இது உங்க அண்ணன்தானே?"

நான் அடுத்த தாளைச் சுட்டிக்காட்டினேன். அண்ணன் வாசலில் வந்து நின்றார், கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

ஆறாவது பதிலில் அண்ணி நிமிர்ந்தார். 'புகை என்னுடையது. கேட்டால் குழாயை உயர்த்திவிடுவேன்.'

"பட்டறைக்காரர் உங்க குழுவிலயா இருக்கார்?"

"துணைத்தலைவர், அண்ணி."

அவர் எழுந்து பின்கதவு வழியாகப் பட்டறைக்குப் போனார். திரும்பி வந்தபோது மணி ஐந்தே கால்.

"என்ன சொன்னார்?" அண்ணன் கேட்டது அதைத்தான், கையெழுத்தை அல்ல.

"நாளைக்கே உயர்த்திடறாராம்."

"இதை ஏன் கூட்டத்துல சொல்லல?"

"நாலு தடவையும் சொன்னாராம். கொள்கையா மட்டும் பேசுங்கன்னு நீங்கதான் உட்கார வெச்சீங்களாம்."

"அப்படித்தான் சொன்னேன்" என்றார் அண்ணன்.

அண்ணி பட்டியலை இழுத்துக்கொண்டார். "இப்ப போட்டா செல்லுமா தம்பி?"

"செல்லாது அண்ணி. தேர்தல் ஆபீஸை மூடியிருப்பாங்க."

"அப்ப பேனாவைக் கொடு. இனிமே யாரும் வற்புறுத்தினதா ஆகாது."